தவளைத்தோலும் சரவெடியும்

சரவெடி என்று அவளுக்குப் பட்டம் கட்டியது மாமனார்தான். புது மருமகளாக நர்சரிக்குள் கால் வைத்த வாரமே, மண் இறக்க வந்த லாரிக்காரன் மண்ணோடு கட்டட இடிபாட்டையும் கலந்து கொட்டுவதைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தக் கேள்வி அவன் கண்ணைத் தொட்டு, கண்ணிலிருந்து அவன் லாரியைத் தொட்டு, லாரிக்கு உரிமம் கொடுத்தவனைத் தொட்டு, கடைசியில் அந்த லாரி வந்த சாலையைப் போட்டவன் வரைக்கும் போய் வெடித்தது. லாரிக்காரன் கொட்டியதை எல்லாம் தானே திரும்ப அள்ளிக்கொண்டு போனான். போகும்போது வாசலைப் பெருக்கிவிட்டுப் போனதாகவும் சொல்வார்கள், நம்புகிறவர்கள் நம்பலாம். "ஒண்ணு பத்துனா மொத்தமும் வெடிக்குதுடா. இது சரவெடி!" என்று மாமனார் மகனிடம் சொல்ல, மகன் தலையை ஆட்டினான். அன்று ஆட்டிய தலையை அந்த மனிதர் அதன் பிறகு நிறுத்தவே இல்லை.

அவள் உரக்கப் பேசினால் அடுத்த தெருவில் பால் திரிந்துவிடும் என்பார்கள். ஆனால் அந்தக் கோபம் புடவைக்காகவோ நகைக்காகவோ ஒருநாளும் வந்ததில்லை. வாடிய நாற்றைப் பார்த்தால் வரும். வேர் தெரியப் பிடுங்கிப் போட்ட செடியைப் பார்த்தால் வரும். தொட்டியில் மண் குறைத்துப் போட்டவனைப் பார்த்தால் வந்தே தீரும். தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆயிரம் பூச்செடிக்கு ஒற்றை ஆளாகத் தொட்டி மாற்றியவள். ஒரு இலையைத் தடவிப் பார்த்தே அதற்குத் தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். சொல்வது திட்டாகத்தான் வரும், அது வேறு விஷயம்.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன் நர்சரியை இரண்டாகப் பிரித்தார். கிழக்குப் பாதி பெரியவனுக்கு, அதாவது சரவெடியின் கணவருக்கு. மேற்குப் பாதி சின்னவனுக்கு, அவளுடைய கொழுந்தனுக்கு. நடுவே வண்டிப்பாதை. பாதையின் இரு ஓரத்திலும் இடுப்புயரக் கம்பிவலை. கொழுந்தன் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பேர்வழி. அவன் மனைவி, சரவெடியின் ஓர்ப்படி, மேல்நிலைப்பள்ளியில் தாவரவியல் டீச்சர். வாரநாள் முழுக்கப் பள்ளியில் கத்திவிட்டு வருவதால் வீட்டில் அவள் குரலே எழும்பாது.

இப்படி ஒருவர் பாட்டுக்கு ஒருவர் இருந்த இடத்தில்தான் அந்தத் தவளைத்தோல் வந்து சேர்ந்தது.

முதலில் நகத்தளவு பச்சையாகத் தெரிந்தது. தண்டு கிடையாது, இலை கிடையாது, பூ கிடையாது. யாரோ பச்சைத் தோலை நாடாநாடாக வெட்டி மண்மேல் ஒட்டிவிட்டாற்போல ஒரு படர்ச்சி. நாடாவின் நுனி இரண்டாகப் பிளக்கும். பிளந்தது வளர்ந்து மறுபடி இரண்டாகப் பிளக்கும். மேல்பரப்பு முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஊசிமுனையால் குத்தினாற்போல ஒரு புள்ளி. பார்க்கத் தவளையின் முதுகுபோல இருந்ததால்தான் அந்தப் பேர். பிய்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் நூலைவிட மெல்லிய வெள்ளை மயிர்கள். வேர் என்று சொல்லவும் முடியாது, ஆனால் பிய்த்தால் பாதி மண்ணைக் கையோடு கொண்டுவரும். ஒரு தொட்டியின் வாயை அது முழுதாக மூடிவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் மேலேயே நின்று வழிந்துபோகும். செடி அடியில் தாகத்தில் சாகும்.

சரவெடி சும்மா இருப்பாளா? ஹோஸ் பைப்பை எடுத்தாள். வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, திருடனை விரட்டுகிறவள் மாதிரி பீச்சி அடித்தாள். தோல் கிழிந்தது, துணுக்குகள் பறந்தன. "போய்த் தொலை!" என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அடுத்த வாரம் பக்கத்து வரிசையிலும் பச்சை. இன்னும் பலமாக அடித்தாள். அதற்கு அடுத்த வாரம் நிழல்வலைக்குக் கீழே பச்சை இல்லாத வரிசையே இல்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒப்பந்தக்காரர் வந்தார். புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரித் தோட்டத்துக்கு வேலிச்செடியும் நிழற்செடியும் இரண்டு பாதியிலிருந்தும் எடுப்பதாகப் பேச்சு. அந்த வருஷம் முழுக்க இரண்டு வீடும் அந்த ஒரு வண்டியை நம்பித்தான் வளர்த்திருந்தார்கள். வண்டி ஏறாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு நாற்று வாங்க வழியில்லை. இடத்தைக் கட்டடக்காரர்களுக்கு விட்டுவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான். ஒப்பந்தக்காரர் பென்சிலால் ஒவ்வொரு தொட்டியாகக் குத்திப் பார்த்தார்.

"இந்தத் தோலோட ஒரு தொட்டிகூட வண்டியில ஏறாதும்மா. மழை நிக்கட்டும், வர்றேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா வேற எடம் பாத்துக்குவேன்."

அவர் தலை மறைந்ததும் சரவெடி கம்பிவலைக்குப் போனாள். எதிர்ப்பக்கத்தில் கொழுந்தன் தொட்டி அடுக்கிய பெஞ்சுகளுக்கு அடியிலும் ஓரமாகத் தவளைத்தோல் கொஞ்சம் தெரிந்தது. போதாதா?

"தம்பி! இங்க வா!"

"என்ன அண்ணி, காலங்காத்தாலயே அர்ச்சனையா?"

"உன் பக்கம் வளக்குறத என் பக்கம் எதுக்கு அனுப்புற?"

"நானா? அதுக்குக் காலா இருக்கு, ரெக்கையா இருக்கு? பாதையத் தாண்டி எப்படி வரும்?"

"உன் தண்ணி தெறிச்சு வருது."

"என் தண்ணி என் செடிக்கே எட்டல அண்ணி!" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் விடிந்ததும், மேற்குப் பக்கத்தில் யாரும் எழுவதற்கு முன், சரவெடி தொட்டிகளிலிருந்து சுரண்டியதை ஒரு கூடையில் அள்ளினாள். வண்டிப்பாதையைக் கடந்து, கம்பிவலைக்கு மேலாக, கொழுந்தனின் பெஞ்சுகளுக்குக் கீழே கொட்டினாள். "உன் சாமானை நீயே வச்சுக்கோ" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் சத்தமில்லாமல் செய்த காரியம் இது ஒன்றுதான். அன்றிலிருந்து தினமும் ஒரு கூடை. சுரண்டியதில் இப்போது குட்டிக் காம்புகள் நின்றன. காம்பின் தலையில் சட்டைப் பொத்தான் மாதிரி ஓரம் நெளிந்த தட்டு. பூ போலிருக்கிறது என்று நினைத்தாள். அதையும் சேர்த்துக் கொட்டினாள்.

கொட்டியதோடு விட்டாளா? உரக்கடையில் போய் நாலு பேர் கேட்கப் பேசிவிட்டும் வந்தாள். அந்தப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குள் டீச்சர் காதுக்குப் போனது. டீச்சர் கையில் ஒரு லென்ஸோடு பாதையைக் கடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, எங்க வீட்டுக்காரரத் திருடன்னு உரக்கடையில சொன்னீங்களா?"

"திருடன்னு சொல்லல. திருட்டுப்பயன்னு சொன்னேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"சொந்தக்காரனா இருந்தா திருட்டுப்பய."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தொட்டி முன்னால் மண்டியிட்டாள். "இதுக்கு மார்கான்ஷியான்னு பேரு. ஈரல்செடி. இங்க வாங்க, பாருங்க. மேல குட்டிக் குட்டியா கிண்ணம் தெரியுதா?"

தெரிந்தது. தோலின் மேலேயே சின்னதாக வாய் விரிந்த கிண்ணங்கள். உள்ளே பச்சையாக, தட்டையாக, எள்ளைவிடப் பொடியாக அடுக்கி வைத்தாற்போல ஏதோ இருந்தது.

"அதுதான் ஜெம்மா. விதை இல்ல, தாயோட துண்டு. கிண்ணத்துக்குள்ள இருக்கிறவரைக்கும் தூங்கும். தண்ணிச்சொட்டு ஒண்ணு கிண்ணத்துல விழுந்தா தெறிச்சு வெளிய போய் விழும். விழுந்த எடத்துல மண்ணத் தொட்ட பக்கம் அடிப்பக்கமாயிடும், வெளிச்சம் பட்ட பக்கம் மேல்பக்கமாயிடும். எப்படி விழுந்தாலும் பொழைச்சுக்கும்."

"சொட்டு விழுந்தா எவ்வளவு தூரம் போகும்?"

"ஒரு முழம். பெரிய சொட்டா இருந்தா ரெண்டு முழம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஹோஸ் பைப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். சரவெடிக்குச் சுருக்கென்று தைத்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். முதல் விதை உங்க பக்கத்துலேருந்துதானே வந்துச்சு?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். இந்தத் தட்டு இருக்கே, இது ஆண். எங்க பக்கம் இருக்கிறது தட்டு இல்ல, குடை. துணி கிழிஞ்சு கம்பி மட்டும் விரிஞ்சு நிக்கிற குடை மாதிரி இருக்கும். அது பெண். இந்தச் செடியில ஆண் தனி, பெண் தனி. ஜெம்மா தாயோட அச்சு. ஆண்லேருந்து வந்தா ஆண், பெண்லேருந்து வந்தா பெண். எங்க பக்கத்துலேருந்து ஒண்ணே ஒண்ணு வந்திருந்தாலும் உங்க பக்கம் ஒரு குடையாவது நிக்கணும். எங்க, ஒரு குடையக் காட்டுங்க!"

சரவெடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். வரிசை வரிசையாகக் குனிந்தாள், பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்தாள், தொட்டிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். தட்டு, தட்டு, தட்டு. ஒரு குடை கிடையாது.

"எல்லாமே ஆம்பளையா?" என்று நிமிர்ந்தாள். "அதான் ஒரு வேலையும் செய்யாம எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குதுங்க!"

அவள் கணவர் இருமினார். அவரும் சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் ஒரு பெரணித் தொட்டியைக் கண்டுபிடித்து வெளியே இழுத்தபோது அவருக்கு வாய் வந்துவிட்டது. அந்தத் தொட்டியில் தோல் ஒன்றின்மேல் ஒன்றாக, அடியில் பழுப்பேறி, இருப்பதிலேயே கிழடு தட்டி இருந்தது. "அது நீ பூக்கண்காட்சியிலேருந்து மடியில வச்சுக் கொண்டுவந்ததுதானே?"

"உங்கள யாரு கேட்டா?"

டீச்சர் லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். வந்த வேலை முடிந்ததால் அவள் குரல் தணிந்திருந்தது. "இது இத்தோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. தட்டு மேல மழைத்துளி விழுந்தா ஆணோட உயிரணு அந்தத் தண்ணியோட தெறிக்கும், அதுலயே நீந்திக் குடைக்குப் போகும். போய்ச் சேந்துச்சுன்னா குடைக்கு அடியில மஞ்சளா குண்டுமணி கட்டும். அது வெடிச்சா தூளா காத்துல பறக்கும். அந்தத் தூள்லேருந்து ஆணும் வரும், பெண்ணும் வரும். ஜெம்மாவாவது முழக்கணக்குல தாவுது. தூள் போற தூரத்துக்குக் கணக்கே கெடையாது. நல்லவேளை, நடுவுல பாதை இருக்கு. நீந்தி வர வழியில்ல."

சரவெடி கொட்டிய கூடைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்த கணவர் பக்கத்தில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டாள்.

அதன்பிறகு அவள் கோபத்துக்கு வேலை கிடைத்தது. தொட்டிகளுக்கு மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. தட்டங்களில் தண்ணீர் நிறுத்தி அடியிலிருந்து குடிக்கவிட்டாள். மேல்மண்ணைத் தோலோடு வழித்துச் சாக்கில் கட்டி, கருப்புப் பிளாஸ்டிக்கால் மூடி, வெயில் வந்த நேரமெல்லாம் வேகவிட்டாள். வழித்த இடத்தில் பொடிஜல்லி பரப்பினாள். மேல்பரப்பு காய்ந்தே கிடந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு திட்டு இலவசம். கிழக்குப் பக்கம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

மேற்குப் பக்கம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருநாள் விடியலில், கொட்டியதைத் திரும்ப அள்ளிவிடலாம் என்று கொழுந்தனின் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தாள். அதற்குள் எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. மழை சொட்டுகிற இடமாகப் பார்த்துத் தட்டும் குடையும் தோளோடு தோளாக நின்றன. பின்னால் காலடிச் சத்தம்.

"அண்ணி? கீழ என்ன தேடுறீங்க?"

"உன் புத்திய. எங்கயாவது விழுந்து கெடக்கான்னு பாக்குறேன்."

அவன் சிரித்தான். அவள் வெறுங்கையோடு எழுந்து வந்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஊரையே திட்டிய வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் பழக்கமில்லை.

மழை குறைந்துகொண்டே வந்த நாட்களில் மேற்குப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல், அதிசயமாக, பாதையைத் தாண்டிக் கேட்டது. "வாய்ப்பே இல்லைங்க! ஆண் எங்கேருந்து வந்துச்சு?" புத்தகத்தைப் புரட்டினாள். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கி வந்தாள். கடைசியில் யாரிடமாவது காட்டியாக வேண்டும் என்று சரவெடியையே கூப்பிட்டாள்.

"பாருங்க அக்கா. குடையோட விரலுக்கு அடியில."

சரவெடி கண்ணை வைத்தாள். மஞ்சள் மணி ஒன்று வெடித்து, பஞ்சு பிதுங்கினாற்போல நின்றது. அந்தப் பஞ்சுக்குள் நூல்கள். காயக் காய அவை முறுக்கிக்கொண்டன, சட்டென்று அவிழ்ந்தன, அவிழும்போதெல்லாம் மஞ்சள் தூளைத் தூக்கி வீசின. ஒன்று அசைந்ததும் பக்கத்திலிருந்ததும் அசைந்தது. அப்புறம் அதற்குப் பக்கத்திலிருந்தது. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை ஆத்திரமா என்று அவளுக்கே ஒரு கணம் மலைப்பாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே புரியல," என்றாள் டீச்சர்.

சரவெடி மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். பாதையைக் கடந்து தன் பக்கம் போய்விட்டாள்.

வெயில் வந்தது. ஒப்பந்தக்காரர் லாரியோடு வந்தார். கிழக்குப் பக்கம் முழுக்கப் பென்சிலால் குத்திக்கொண்டே போனவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"சுத்தம்மா! எல்லாத்தையும் ஏத்துங்க."

மேற்குப் பக்கத்துக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பினார். கைக்குட்டையால் சட்டைக் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். "அந்தப் பக்கத்தது ஒண்ணுகூட வேணாம். அந்த மஞ்சத் தூளோட ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குள்ள போனேன்னா என் வேலை காலி."

கொழுந்தன் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். அவன் சிரிக்கவில்லை. அந்த முகத்தைச் சிரிப்பு இல்லாமல் சரவெடி அன்றுதான் பார்த்தாள். அப்படியே மாமனார் முகம். பக்கத்தில் டீச்சர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் தப்புதாங்க. வகுப்புல பாடமா நடத்துறேன். வீட்டுல மூக்குக்கு அடியில வந்தப்போ பாக்கத் தெரியல."

கிழக்குத் தொட்டிகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறின. கொழுந்தன் கையை விரித்து நிற்கவேண்டும் என்று அவள் எத்தனை காலையில் ஆசைப்பட்டிருப்பாள். அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

லாரி டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கவே இல்லை, ஆனாலும் மிதித்தார்.

"இங்க பாருங்க சார். அந்த மஞ்சத் தூளுக்கு அப்பன் என் பக்கத்துச் செடி. அவங்க பக்கம் ஆணே கெடையாது. நான்தான் கூடை கூடையா அள்ளி, அவன் தூங்கி எழறதுக்குள்ள அவன் பெஞ்சுக்கு அடியில கொட்டினேன். தினமும்! ஒருநாள் ரெண்டு நாள் இல்ல!"

கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணி... நம்ம ரெண்டு வீடும் சம்பந்தி ஆன விஷயத்த என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சிரிச்சே, கொன்னுடுவேன்!"

ஒப்பந்தக்காரர் கையை உயர்த்தினார். "உங்க வீட்டுச் சண்டை எனக்கு எதுக்கும்மா? உங்க தொட்டி சுத்தம். எடுத்துட்டுப் போறேன்."

"என்ன சுத்தம்? அங்க வெடிச்சது காத்துல பாதையத் தாண்டி இங்க விழாம எங்க போயிருக்கும்? கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். ஜல்லி காஞ்சு கெடக்கிறவரைக்கும் கம்முனு கெடக்கும். உங்க ஆளு ஹோஸ எடுத்து ஒரு பீச்சு பீச்சட்டும், அப்புறம் தெரியும். என் தொட்டிய மட்டும் சுத்தம்னு சொல்லி ஏத்துனா அது பொய். ரெண்டு பக்கத்தையும் வழிச்சுத் தர்றோம், புது மண்ணு போட்டுத் தர்றோம். தவணை குடுங்க. போனா ரெண்டும் போகும், இல்லேன்னா ரெண்டும் போகாது."

"நான் வேற நர்சரிக்குப் போயிட்டா?"

"போங்க! அங்க தண்ணி மேலேருந்து ஊத்துறானா கீழேருந்து விடுறானான்னு மட்டும் கேட்டுட்டு வாங்குங்க!"

ஒப்பந்தக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், மறுபடி செருகினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய் மரநிழலில் நின்றுகொண்டார்.

சரவெடி லாரியின் பின்பலகையைத் தட்டித் திறந்தாள். ஏற்றிய தொட்டிகளை அவளே இறக்க ஆரம்பித்தாள். கணவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒருபக்கம் பிடித்தார். இன்னொரு பக்கத்தில் இரண்டு கைகள் வந்தன. டீச்சரின் கைகள்.

"இத்தன நாளா நான் பைத்தியக்காரி மாதிரி புத்தகத்தப் பொரட்டுறேன். மைக்ராஸ்கோப்புல உங்களுக்கே காட்டுறேன். நீங்க பாத்துட்டுச் சும்மா நின்னீங்க!"

"ஆமா."

"என்ன ஆமா?"

"ஆமான்னா ஆமாதான். திட்டணும்னா திட்டு. தொட்டிய மட்டும் ரெண்டு கையாலயும் பிடி."

டீச்சர் திட்டினாள். வகுப்பறைக் குரலில், பாதை முழுக்கக் கேட்கும்படி, தொட்டிக்கு ஒரு வசவாக, லாரி காலியாகும்வரை திட்டினாள். சரவெடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நன்றாகத்தான் திட்டினாள், பழக்கம் மட்டும் போதவில்லை. நடுவே ஓரிடத்தில் சரியான வார்த்தை கிடைக்காமல் டீச்சர் தடுமாறியபோது, சரவெடியே எடுத்துக் கொடுத்தாள்.